"சும்மா இருந்தா பெலன் வருமா டீச்சர்?": அமர்ந்திருப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் எங்கள் சபையில் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்குச் சிலர் கூடுகிறோம். பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. ஒரு சங்கீதம் வாசிப்போம், அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்போம், பரமண்டல ஜெபம் சொல்வோம், அப்புறம் டீ. இதைத் தொடங்கிய நாளிலிருந்து என்னிடம் வருகிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்கிறார்கள், பஸ் ஸ்டாண்டில் நிறுத்திக் கேட்கிறார்கள், ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டும் கேட்கிறார்கள்.

நான் வேதாகமக் கல்லூரியில் படித்தவள் இல்லை, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ரிட்டயர் ஆனவள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வது எனக்குப் பழக்கம்தான். இருந்தாலும் எழுதி வைத்தால் வீட்டில் இருப்பவர்களுக்கும் காட்டலாம் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன். வசனங்கள் நாம் சபையில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

"அமர்ந்திருங்கள்னு வசனம் சொல்லுது, சரி. சும்மா உட்கார்ந்தா அதுல என்ன பெலன் வரும்?"

சங்கீதம் 46:10ஐச் சொல்கிறார்கள்: "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்." இன்றைக்கு 'அமர்' என்றதும் நாற்காலிதான் ஞாபகம் வருகிறது. என் பாட்டி சமையல் முடிந்ததும் "அடுப்ப அமத்துடி" என்பாள். எரிகிற விறகை வெளியே இழுத்து, தண்ணீர் தெளித்து, தணல் அடங்குகிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இந்த வசனத்தில் இருப்பது அந்த 'அமர்'தான். ஏசாயாவின் "அமரிக்கை", 23ஆம் சங்கீதத்தின் "அமர்ந்த தண்ணீர்கள்", எலியா தீர்க்கதரிசிக்குக் கேட்ட "அமர்ந்த மெல்லிய சத்தம்" எல்லாம் அதே குடும்பத்துச் சொற்கள். எபிரெய மூலத்தில் அந்த இடத்தில் இருக்கிற வினைச்சொல்லுக்குத் தளரவிடுவது, பிடியை விடுவது என்று பொருள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சங்கீதம் தோட்டத்தில் காற்று வாங்கிக்கொண்டு பாடினது இல்லை. மலைகள் நடுச்சமுத்திரத்தில் சாய்கின்றன, ஜலங்கள் கொந்தளித்துப் பொங்குகின்றன, வில்லும் ஈட்டியும் முறிகின்றன. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு அதன் முதல் மூன்று வசனங்களுக்கு விளக்கம் தேவையில்லை. அத்தனை இரைச்சலுக்கு நடுவில்தான் பிடியை விடச் சொல்கிறார். என் கையில் இல்லாத ஒன்றை என் கையில்தான் இருக்கிறது என்று நினைத்து இறுக்கிக்கொண்டே இருக்கிறேனே, அதற்கு எவ்வளவு பெலன் செலவாகிறது என்பது விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

"வேலை செய்யாம இருக்கிறது சோம்பேறித்தனம் இல்லையா? எறும்பைப் பார்னு வேதமே சொல்லுதே."

சொல்கிறது, நீதிமொழிகள் 6ஆம் அதிகாரம். ஆனால் அந்த எறும்பு கோடைகாலத்தில் சம்பாதிக்கிறது, அறுப்புக்காலத்தில் சேர்த்துவைக்கிறது. அதற்குப் பருவம் உண்டு. வருஷம் முழுக்க ராத்திரி பகலாக ஓடச் சொல்லி எறும்பை யாரும் உதாரணம் காட்டவில்லை.

நம் ஊர் துறைமுகத்தையே பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். ஆட்கள் நிழலில் உட்கார்ந்து வலை கோர்ப்பார்கள், இன்ஜினைப் பிரித்துப் போடுவார்கள், படகுக்கு வண்ணம் அடிப்பார்கள். அவர்களைப் பார்த்துச் சோம்பேறி என்று யாராவது சொல்வோமா? மீன் இனம் பெருகுவதற்குக் கடலுக்குக் கொடுக்கிற அவகாசம் அது. லேவியராகமம் 25இல் நிலத்துக்கும் ஏழாவது வருஷம் ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறது. அந்த இரண்டு மாதமும் மீனவர் வீடுகளில் செலவுக்கு இழுபறிதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதைப் பற்றிப் பின்னால் ஒரு கேள்வி வருகிறது.

சோம்பல் என்பது என் வேலையை இன்னொருத்தர் தலையில் கட்டிவிட்டு நான் கால் நீட்டுவது. அப்படிப் பார்த்தால் ஓய்வு என்ற பெயரில் நடக்கிற சோம்பலும் நம் வீடுகளில் நிறைய உண்டு.

"இந்த வருஷம் எனக்கு வந்த வாக்குத்தத்தம் ஏசாயா 30:15. 'அமரிக்கையும் நம்பிக்கையுமே உங்கள் பெலனாயிருக்கும்.' அப்ப இந்த வருஷம் நான் எதுக்கும் முயற்சி பண்ண வேண்டாமா?"

புது வருஷத்துக்குச் சபையில் கொடுக்கிற வாக்குத்தத்த வசன அட்டையில் இடம் குறைவு, அதனால் வசனத்தின் வாலை வெட்டிவிடுகிறார்கள். முழு வசனம் "நீங்களோ மனதாயிராமல்" என்று முடிகிறது. அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்: "அப்படியல்ல, குதிரைகளின்மேல் ஏறி ஓடிப்போவோம் என்கிறீர்கள்." அசீரியா படையெடுத்து வரப்போகிறது என்ற பயத்தில் யூதா எகிப்தின் குதிரைகளையும் இரதங்களையும் நம்பித் தூது அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. கண்டிக்கப்படுவது அந்தப் பதற்ற ஓட்டம். வயலை உழாதே, மதிலைக் கட்டாதே என்று தீர்க்கதரிசி எங்கேயும் சொல்லவில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் மகள் கல்யாணத்துக்காக ஒரே வாரத்தில் மூன்று இடத்தில் வட்டிக்குக் கேட்டிருந்தார். இரண்டு பேரிடம் சரி என்றும் சொல்லிவிட்டார். முயற்சி பண்ணுங்கள் அண்ணே, ஆனால் எது முயற்சி, எது குதிரை என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து பாருங்கள் என்றேன். அட்டையைப் பீரோ கண்ணாடியில் ஒட்டியிருக்கிறாராம். வாலைப் பேனாவால் எழுதிச் சேர்த்துவிட்டதாகச் சொன்னார்.

"ஓய்வுநாள் சனிக்கிழமையா, ஞாயித்துக்கிழமையா?"

யூதர்களுக்கு வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை சூரியன் மறைவது வரை. ஆண்டவர் உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள் என்பதால் ஆதி சபை அந்த நாளில் கூடியது. கி.பி. 321இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாகச் சட்டம் போட்டார். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் இன்றும் சனிக்கிழமைதான் ஆசரிக்கிறார்கள். ரோமர் 14:5 இதில் அவனவன் மனசாட்சிக்கு இடம் விடுகிறது. இந்த வாதத்திலேயே தங்கள் ஓய்வுநாளைத் தீர்த்துவிடுகிற ஆட்களை எனக்குத் தெரியும்.

"எனக்கு சிப்காட்ல ஷிஃப்ட் டூட்டி. ஞாயிறு லீவுங்கிறதே கிடையாது. அப்ப எனக்கு ஓய்வுநாள் இல்லையா?"

"ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" என்று மாற்கு 2:27இல் இருக்கிறது. உங்கள் வார விடுமுறை புதன்கிழமை என்றால் புதன்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. முழு நாள் கிடைக்காவிட்டால் அரை நாள். அதில் ரேஷன் கடை, கரண்ட் பில், வண்டி சர்வீஸ் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள், அவ்வளவுதான். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு எரிகிற கண்ணோடு காலை ஜெபத்துக்கு ஓடி வரவும் வேண்டாம். முதலில் தூங்குங்கள்.

எங்கள் கூடுகைக்கு வரும் ஒரு பையன் ராத்திரி டூட்டி முடிந்து வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, திண்ணையில் ஐந்து நிமிஷம் உட்காருவானாம். உள்ளே போனால் குழந்தை, சத்தம், சாப்பாடு. அந்த ஐந்து நிமிஷத்தில் "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" என்ற நாலாம் சங்கீதத்துக் கடைசி வசனத்தைச் சொல்வான். காலை ஏழு மணிக்கு! பக்கத்து வீட்டுக்காரர் அவனுக்கும் மனைவிக்கும் சண்டை என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

"ஞாயித்துக்கிழமைதான் டீச்சர் எனக்கு வேலையே அதிகம். காலையில இட்லி, எட்டரைக்கு ஆராதனை, வந்ததும் பிரியாணி, சாயங்காலம் அவங்க வீட்டு ஆளுங்க. நான் எங்க ஓய்வெடுக்கிறது?"

அதிகம் பேர் கேட்பது இதைத்தான், கேட்பவர்கள் எல்லாரும் பெண்கள். யாத்திராகமம் 20:10இல் ஓய்வு கொடுக்க வேண்டியவர்கள் பட்டியல் இருக்கிறது: நீ, மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலுக்குள் இருக்கிற அந்நியன். "அதுல மனைவி இல்லையே டீச்சர்" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். 'நீ' என்று சொன்னதில் அவளும் அடக்கம் தம்பி, மாட்டுக்கே ஓய்வு சொன்னவர் அவளை விட்டுவிடுவாரா என்றேன். ஒருவருடைய ஓய்வு இன்னொருவருடைய கூடுதல் வேலையாக இருந்தால் அந்த வீட்டில் கட்டளை பாதிதான் நடக்கிறது.

வழியும் வேதத்திலேயே உண்டு. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து மன்னா என்ற ஆகாரம் விழுந்த நாட்களில் ஆறாம் நாள் இரண்டு பங்கு சேர்த்தார்கள், ஏழாம் நாள் சேர்க்கப் போன சிலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் இப்போது சனிக்கிழமை காலையிலேயே மீன் குழம்பு வைத்துவிடுகிறேன். முதல் நாள் குழம்பு மறுநாள் இன்னும் ருசி என்பது கடற்கரை ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுண்ட வைத்தால் போதும். ஞாயிறு வெறும் சோறு மட்டும், அதையும் வீட்டுக்காரர் குக்கரில் வைக்கிறார். முதல் இரண்டு வாரம் முகம் தூக்கி வைத்திருந்தார். மூன்றாவது வாரம் தண்ணீர் அளவு கேட்டார்.

இயேசு வீட்டுக்கு வந்தபோது மார்த்தாள் வேலையில் ஓட, தங்கை மரியாள் அவர் பாதத்தில் உட்கார்ந்து கேட்டாளே, அந்தக் கதையை எடுத்துப் பெண்களைக் குட்டுகிறார்கள். மார்த்தாளின் கோபம் நியாயம்தான் என்று எனக்கு எப்போதும் தோன்றும். அவள் சமைத்ததை ஆண்டவர் குறை சொல்லவில்லை, "கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்றார். மரியாளை எழுப்பி அடுப்படிக்கு அனுப்பவும் அவர் சம்மதிக்கவில்லை. நம் ஊரில் மரியாளைப் புகழ்ந்து ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணிவிட்டு, "ஐக்கிய விருந்து உண்டு, சகோதரிகள் பரிமாற வரவும்" என்று அறிவிப்பார்கள்.

"எங்க வீடு ஒரே ரூம். ஆறு பேர். அமைதிக்கு எங்க போறது?"

"உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து" என்று ஆண்டவர் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தனி அறை இருந்திருக்காது. அவரே "அதிகாலையில், இருட்டோடே" எழுந்து ஊருக்கு வெளியே போனார் (மாற்கு 1:35). மெதடிஸ்ட் சபைக்கு வித்திட்ட ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா நிறையப் பிள்ளைகள் பெற்றவர். முன்றானையைப் போல முன்னால் கட்டுகிற துணியைத் தலைமேல் போட்டுக்கொள்வாராம், அப்போது அம்மா ஜெபத்தில் இருக்கிறாள் என்று பிள்ளைகள் விலகிப்போவார்களாம். நமக்குப் புடவைத் தலைப்பு இருக்கிறது.

புதுச்சேரியில் இருப்பவர்களுக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது. சாயங்காலத்திலிருந்து மறுநாள் காலை வரை வண்டி விட மாட்டார்கள். விடியும் முன் போனால் பாறையில் அலை மோதுகிற சத்தம் மட்டும். மிஷன் வீதியில் சம்பா கோவிலில் பூசை இல்லாத நேரத்தில் பின் பெஞ்சில் உட்கார்ந்தால் நீ எந்தச் சபை என்று யாரும் கேட்பதில்லை. நான் லுத்தரன் வீட்டுப் பெண், பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். கடலூர்க்காரர்களுக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரை, ஞாயிறு சாயங்காலம் தவிர. அன்றைக்கு மிளகாய் பஜ்ஜிதான் கிடைக்கும், அமைதி கிடைக்காது.

"கண்ணை மூடினா மனசு எங்கெங்கயோ ஓடுது. பால் கணக்கு, பிள்ளை பீஸ், தங்கச்சி சொன்ன வார்த்தை..."

எல்லாருக்கும் ஓடும். எனக்கு இன்றைக்கும் ஓடுகிறது. ஓடியதற்காக உங்களையே திட்டிக்கொண்டால் அது இரண்டாவது ஓட்டம். நான் செய்வதைச் சொல்கிறேன். பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம், பென்சில். 'கேஸ் புக் பண்ணணும்' என்று தோன்றினால் எழுதிவிட்டுத் திரும்பி வருவேன், பிறகு அது தொந்தரவு பண்ணாது. ஒரு சின்ன வரியை மூச்சோடு சேர்த்து மெதுவாகச் சொல்வேன். பார்வையில்லாத பர்திமேயு வழியோரத்தில் இயேசுவைக் கூப்பிட்டது போதும்: "இயேசுவே, தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்." கிழக்கத்திய சபைகளில் இதை ஒட்டிய ஒரு சிறு ஜெபத்தைப் பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். தொடக்கத்தில் பத்து நிமிஷம் போதும். முதல் நாளே ஒரு மணி நேரம் உட்காருகிறவர்கள் இரண்டாம் வாரம் வருவதில்லை.

சங்கீதம் 131இல் "தாயின் பால் மறந்த குழந்தையைப்போல" என்று வருகிறது. பால் மறக்கடித்த தாய்மாருக்குத் தெரியும், அது ஒரே ராத்திரியில் நடக்கிற காரியமா? அழுது, மடியைப் பிடித்து இழுத்து, கோபித்துக்கொண்டு, ஒரு நாள் பால் கேட்காமல் சும்மா மடியில் வந்து படுக்கும். அந்தக் குழந்தையைத்தான் தாவீது சொல்கிறார்.

"போனை என்ன பண்றது? அதுலதானே பைபிளே வச்சிருக்கேன்."

அச்சடித்த வேதாகமம் ஒன்று வாங்குங்கள். காலையில் ஐம்பது பேருக்கு வசனப் படம் அனுப்புவது நல்ல காரியமாக இருக்கலாம், அமர்ந்திருப்பது அதுவல்ல.

"ஜெபத்துல உட்கார்ந்தா தூங்கிடுறேன். பாவமா?"

களைப்பு. நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்பதுதான் நான் கேட்கிற முதல் கேள்வி. கெத்செமனேயில் தூங்கிய சீஷர்களைப் பற்றி ஆண்டவரே "ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது" என்றார். கத்தோலிக்கர்கள் அன்போடு குழந்தை தெரேசாள் என்று கூப்பிடுகிற லிசியே நகரத்துத் துறவி, 1897இல் 24 வயதிலேயே இறந்துபோனவர், ஜெப நேரத்தில் அடிக்கடித் தூங்கிவிடுவாராம். பிள்ளை தூங்கினாலும் விழித்திருந்தாலும் பெற்றவர்களுக்கு ஒரே பிரியம்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறார்.

எங்கள் சனிக்கிழமைக் கூடுகையில் ஒரு தாத்தா ஐந்தாவது நிமிஷத்தில் குறட்டை விடுவார். யாரும் எழுப்புவதில்லை. பரமண்டல ஜெபத்துக்குத் தானாக எழுந்து சரியான வரியில் சேர்ந்துகொள்வார், அது எப்படி என்று எனக்கு இதுவரை புரியவில்லை.

"எங்க சொந்தக்காரங்க முழு இரவு ஜெபம் பண்றாங்க. நான் பத்து மணிக்கே படுத்துடுறேன். நான் ஆவியில குறைஞ்சவளா?"

பன்னிரண்டு பேரைத் தெரிந்துகொள்வதற்கு முந்தின ராத்திரி முழுக்க இயேசு ஜெபித்தார் என்று லூக்கா 6இல் இருக்கிறது. புயலில் படகின் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்கினார் என்று மாற்கு 4இல் இருக்கிறது. இரண்டும் அவர்தான். "நம்ம படகுல பின்னாடி வலையும் கயிறும்தான் கிடக்கும், தலையணைக்கு எங்க போனார்" என்று துறைமுகத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார். வேறு எந்தச் சுவிசேஷத்திலும் அந்தத் தலையணை இல்லை.

சங்கீதம் 127, "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்கிறது. தேவை வந்தால் ஒரு ராத்திரி விழித்திருங்கள். மற்ற ராத்திரி எல்லாம் நான் தூங்கும்போதும் உலகம் நடக்கிறது என்று ஒத்துக்கொண்டு படுப்பதும் விசுவாசம்தான்.

"இது தியானம், யோகா மாதிரி இல்லையா? அது நம்ம பழக்கம் இல்லைன்னு எங்க பாஸ்டர் சொல்றார்."

புதுச்சேரியில் கடை வைத்திருக்கிற ஒரு சகோதரி கேட்டது. அங்கே ஆசிரமமும் பக்கத்தில் ஆரோவில்லும் இருப்பதால் 'அமைதி' என்ற வார்த்தையே வேறு பக்கத்துக்குச் சொந்தம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நான்காம் நூற்றாண்டிலேயே எகிப்து வனாந்தரத்தில் கிறிஸ்தவத் துறவிகள் தனிமையிலும் மௌனத்திலும் வாழ்ந்தார்கள். நம் மாநிலத்திலேயே திருப்பத்தூரில் 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஒரு தமிழ் டாக்டரும் ஒரு ஸ்காட்லாந்து டாக்டரும் சேர்ந்து தொடங்கினார்கள், இருவரும் புராட்டஸ்டன்டுகள். 1950இல் குளித்தலைப் பக்கம் காவிரிக் கரையில் பிரெஞ்சுக் குருமார் இருவர் சாந்திவனத்தைத் தொடங்கினார்கள்.

'சும்மா இரு' என்பது தமிழ் பக்தி மரபில் ஆழமான சொல். நம் வேதாகமத்திலும் இருக்கிறது. செங்கடலுக்கு முன்னால் மோசே சொன்னது: "கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்." அடுத்த வசனத்திலேயே கர்த்தர், ஏன் என்னிடம் முறையிடுகிறாய், ஜனங்களைப் புறப்பட்டுப் போகச் சொல் என்கிறார். சும்மா இருந்தவர்கள்தான் எழுந்து கடலுக்குள் நடந்தார்கள். நாங்கள் உட்காருவது மனசை வெறுமையாக்க இல்லை, ஒருவர் முன்னால் உட்காருகிறோம். முதுகை நேராக வைப்பதும் மூச்சைக் கவனிப்பதும் எந்த மதத்துக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததில்லை என்பது என் எண்ணம். இருந்தாலும் உங்கள் மனசாட்சிக்கு நெருடினால் சங்கீதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அமர்ந்திருங்கள், அதுவும் இதேதான்.

"சத்தமில்லாம உட்கார்ந்தா பழசெல்லாம் மேல வருது டீச்சர். சுனாமி, அம்மா போனது, எல்லாம்."

அப்படியானால் தனியாக உட்காராதீர்கள். அமைதி எல்லாருக்கும் எல்லாக் காலத்திலும் மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். இதைக் கேட்ட அம்மாவை முதல் மாதம் என் பக்கத்திலேயே உட்காரவைத்தேன். கண்ணை மூட வேண்டாம், கையில் ஏதாவது வேலை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பூ கட்ட ஆரம்பித்தார். அரை மணி நேரத்தில் மூன்று முழம். விரல்கள் நாரைச் சுற்றுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். சில நாள் அழுவார், பக்கத்தில் இருப்பவர் முதுகைத் தொடுவார், அவ்வளவுதான். இரண்டு வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை பூக்கூடை இல்லாமல் வந்தார். ராத்திரிக் கனவும் படபடப்பும் நிற்கவே இல்லை என்றால் இதற்கு அடுத்த பதிலையும் பாருங்கள்.

"நல்லா ரெஸ்ட் எடுத்தும் களைப்பு போகல. தூக்கம் இல்லை, ஜெபிச்சா அழுகைதான் வருது. விசுவாசக் குறைவா?"

எலியா அப்படித்தான் சூரைச்செடியின் கீழே படுத்து, போதும், என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றார். கொஞ்ச நாள் முன்னால்தான் கர்மேல் மலையில் அக்கினி இறக்கினவர். அவருக்குக் கர்த்தர் பிரசங்கம் பண்ணவில்லை. தூதன் தட்டி எழுப்பினான், தலைமாட்டில் "தழலில் சுடப்பட்ட அடையும், ஒரு பாத்திரத்தில் தண்ணீரும்" இருந்தது. சாப்பிட்டார், மறுபடியும் படுத்தார். இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பாடுதான். கண்டிப்பு ஒரு வார்த்தை இல்லை. உபதேசம் வேண்டிய இடம், அடை வேண்டிய இடம் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் நாம் நிறையப் பேரைக் காயப்படுத்தியிருக்கிறோம்.

அதனால் டாக்டரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் முதலில் சோதியுங்கள். மனச்சோர்வு என்றால் அதற்கும் வைத்தியம் உண்டு, ஜிப்மரிலும் அரசு மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே போகத் தயக்கமாக இருந்தால் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இரவு பகல் எந்நேரமும் கட்டணம் இல்லாமல் தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே யாரையாவது எழுப்புங்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர் கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

"சபை வேலைதான் என்னைக் களைப்பாக்குது. விட்டா கர்த்தர் கோபிப்பாரோன்னு பயமா இருக்கு."

இதற்கு என் கதையைத்தான் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, பெண்கள் ஐக்கிய சங்கம், கமிட்டி, நாலும் என் தலையில். நானாகத்தான் ஏற்றிக்கொண்டேன், நான் இல்லாவிட்டால் நடக்காது என்று நம்பினேன். ஒரு வருஷம் பரிசுத்த வாரம் முழுக்க ஓடிவிட்டு, ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் எல்லாரோடும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்ற இடத்துக்கு அப்புறம் வார்த்தை வரவில்லை. நாலு வயசிலிருந்து சொல்கிற ஜெபம். சுற்றி எல்லார் வாயும் அசைகிறது, எனக்கு அடுத்த சொல் தெரியவில்லை. கையில் இருந்த மெழுகுவர்த்தியின் மெழுகு விரலில் வழிந்ததுகூட வீட்டுக்கு வந்துதான் எரிந்தது.

மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒற்றை ஆளாய் நியாயம் விசாரித்தபோது "தொய்ந்துபோவீர்கள்" என்று சொன்னது தேவதூதன் இல்லை, மாமனார் எத்திரோ (யாத்திராகமம் 18). எனக்குச் சொன்னது என் மருமகள். அந்த வருஷமே மூன்று பொறுப்பை விட்டேன். முதல் மாதம் யாரும் கூப்பிடவில்லை, அதுதான் வலித்தது. பாடகர் குழுவில் இப்போது பாடுகிற பிள்ளைகள் நான் இருந்தபோது பாடியதைவிட நன்றாகப் பாடுகிறார்கள். அதுவும் கொஞ்சம் வலிக்கிறது.

சாப்பிடக்கூட நேரம் இல்லாத சீஷர்களைப் பார்த்து ஆண்டவர் "சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்றார். அவர்கள் போய்ச் சேருவதற்குள் கூட்டம் முன்னால் ஓடி வந்து நின்றது என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. திட்டமிட்ட ஓய்வு எல்லாம் கிடைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது.

"நாள் கூலிக்குப் போறவ நான். ஒரு நாள் போகலன்னா அன்னைக்கு அடுப்பு எரியாது. ஓய்வெல்லாம் வசதியானவங்க பேச்சு இல்லையா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் முழு பதில் இல்லை அக்கா. உங்களைப் பார்த்து ஒரு நாள் விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது, எனக்குப் பென்ஷன் வருகிறது. ஆனால் இந்தக் கட்டளை வசதியானவர்களுக்காகப் பிறந்தது இல்லை. உபாகமம் 5:15 காரணம் சொல்கிறது: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்று நினை. பார்வோனிடம் போய்க் கர்த்தரை ஆராதிக்க விடு என்று கேட்டபோது வைக்கோலை நிறுத்திவிட்டு அதே கணக்குச் செங்கல் கேட்டான். "நீங்கள் சோம்பலாயிருக்கிறீர்கள், நீங்கள் சோம்பலாயிருக்கிறீர்கள்" என்று இரண்டு தடவை சொன்னான். எறும்புக் கேள்வி கேட்கிறவர்கள் இதையும் வாசிக்க வேண்டும்.

ஆகவே இந்தக் கேள்வியை நான் வேலை கொடுக்கிறவர்கள் பக்கம் திருப்புகிறேன். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்கு வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்கிறீர்களா? கடையில் நிற்கிற பெண்களுக்கு ஸ்டூல் போட்டிருக்கிறீர்களா? கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டமே திருத்தினார்கள். அமர்ந்திருக்க ஒரு சட்டம் தேவைப்பட்டது, பாருங்கள். இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது முன்வரிசையில் இருந்த ஜவுளிக்கடைக்காரர் அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தார். ஸ்டூல் வந்ததா என்று நான் கேட்கவில்லை, அவர் கடைக்குப் புடவை எடுக்கப் போகும்போது பார்த்துக்கொள்கிறேன்.

"ஆறு மாசமா உட்கார்றேன். கர்த்தர் ஒண்ணும் பேசலியே?"

என்னிடமும் அதிகம் பேசியதில்லை. எலியாவுக்கு அந்த மெல்லிய சத்தம் கேட்டது நாற்பது நாள் நடந்த பிறகு, காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்துபோன பிறகு. கேட்ட கேள்வியும் புதிதில்லை, "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்று முன்னால் கேட்டதேதான். என் வீட்டுக்காரரும் நானும் சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவோம். பால்காரர் போவார், ஏழரை மணி பஸ் போகும், கொசு வந்ததும் எழுந்து உள்ளே போவோம். அதற்குள் நாலு வார்த்தை பேசியிருப்போமா என்பது சந்தேகம். அவர் ஊருக்குப் போயிருக்கிற நாளில் அந்த நாற்காலியை வெளியே போட எனக்கு மனசு வருவதில்லை.

"சனிக்கிழமை வர்றேன். என்ன கொண்டு வரணும்?"

ஒன்றும் வேண்டாம். போனை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். டீ டம்ளர் நாலு குறைகிறது, சொந்தமாக ஒன்று எடுத்து வந்தால் நல்லது. நடுவில் இருக்கிற ஃபேன் கடகடவென்று சத்தம் போடும், எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லி இரண்டு மாசம் ஆகிறது. ஜன்னல் பக்கமாக உட்காருங்கள்.